வீட்டுச் செலவும் குறையணும், குப்பையும் குறையணும்: எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம், மதுரை எல்லிஸ் நகரில் வாடகை வீடு, இரண்டு பேருக்கும் வேலை. இருந்தும் மாதக் கடைசியில் கை கடிக்கிறது. காலையில் குப்பை வண்டிக்குக் கொடுக்கிற பை வரவரப் பெரிதாவதும் மனதை உறுத்துகிறது. மூங்கில் பிரஷ், ஆர்கானிக் மளிகை, கண்ணாடி டப்பாக்கள், கம்போஸ்ட் கிட் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் பட்ஜெட்டே தாங்கவில்லை. 'சுற்றுச்சூழலுக்கு நல்லபடியா வாழுறது வசதி இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கணவருக்கு இதில் ஆர்வமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மகளிர் குழுக்களுக்குக் குடும்ப வரவு செலவு சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டுக்குள் என்ன வருகிறது என்று கணக்குப் பார்க்கிற வீடுகள் நிறைய உண்டு, வெளியே என்ன போகிறது என்று பார்க்கிற வீடுகள் குறைவு. குப்பைக்கூடை, சாக்கடை, மின்சார மீட்டர் ஆகிய மூன்று வழியாகவும் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். அந்த மூன்றையும் அடைத்தால் காசும் மிஞ்சும், ஊருக்கும் நல்லது. இதற்கெனத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை.

ஒரு வாரம் மட்டும் குப்பையை இரண்டாகப் பிரித்து வையுங்கள், ஈரம் தனி, காய்ந்தது தனி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அன்றைய கூடையைக் கொட்டிப் பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: கவரோடு அழுகிய கொத்தமல்லிக் கட்டு, பாதி மூடித் தேங்காய் பாசி பிடித்து, மீந்த சாதம், நாலு நாள் புளித்த மாவு, ஆர்டர் போட்டு வாங்கிய சாப்பாட்டின் டப்பாக்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிடுகிறது. இரண்டு பேருக்கு 110 கிலோ. உங்கள் ஆர்கானிக் பட்டியலைவிட இந்த 110 கிலோதான் பெரிய விஷயம். மதுரைக் குப்பை போய்ச் சேருவது அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல் கிடங்கு. அங்கே மலைபோல் குவிந்து காற்றுப் புகாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வருகிறது. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் நாற்றத்தையும் புகையையும் சுமக்கிறார்கள். நம் அடுப்படியில் அழுகுகிற கீரைக்கட்டின் கணக்கு அங்கே போய்த்தான் முடிகிறது.

ஆகவே அடுப்படியில் தொடங்குங்கள். காய்கறியை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜை அடைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, வாரம் இருமுறை உழவர் சந்தைக்குப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14ஆம் தேதி நம் மதுரை அண்ணாநகரில்தான் திறந்தார்கள். உங்களுக்குப் பழங்காநத்தம் உழவர் சந்தை பக்கம். விவசாயிகளே நேரடியாக விற்பதால் காய் முந்தின நாள் பறித்ததாக இருக்கும். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், அது மொத்த விலைக்கும் வெளிக்கடைச் சில்லறை விலைக்கும் நடுவில் இருக்கும். பேரம் பேச வேண்டியதில்லை. காலையில் சீக்கிரம் போனால்தான் நல்ல காய் கிடைக்கும். இருவரில் ஒருவர் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு நடை போய்விட்டு வரலாம். எழுதி எடுத்துக்கொண்டு போன பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். பலகையில் எது மலிவோ அதுதான் அந்தப் பருவத்துக் காய். மார்கழி, தையில் அவரையும் மொச்சையும். வெயில் காலத்தில் முருங்கை மலிந்து கிடக்கும். தக்காளி விலை ஏறினால் அந்த வாரம் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு. தக்காளி இல்லாமலும் நம் ஊரில் காலங்காலமாகச் சமைத்திருக்கிறார்கள்.

வாங்கி வந்ததை முழுசாகப் பயன்படுத்துவது அடுத்தது. இதில் நம் சமையலுக்கு இணை கிடையாது என்று நம்புகிறேன். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு, முள்ளங்கி இலை பொரியலுக்கு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு. மாவு முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை. புளிப்பு ஏறியதும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். அதையும் தாண்டினால் கொஞ்சம் ரவையும் அரிசி மாவும் கலந்து கரைத்த தோசை. கொட்டுகிற கட்டம் வரவே கூடாது. ராத்திரி மீந்த சாதத்தை ஆறவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தால் காலையில் நீராகாரம். மோரும் கல்லுப்பும் சின்ன வெங்காயமும் இருந்தால் போதும், சித்திரை வெயிலுக்கு அதைவிடச் சுகமான காலைச் சாப்பாடு இல்லை. வெயில் காலத்தில் மீந்த சாதத்தை அன்றே பச்சைமிளகாய், சீரகம், உப்போடு அரைத்து, மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கிள்ளி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வடகம் காய்ந்துவிடும். மதுரை வெயில் நமக்குக் கிடைத்திருக்கிற இலவச உலர்த்தி. அதைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

ஃபிரிட்ஜில் ஒரே ஒரு விதி வையுங்கள்: மீந்ததும், பாதி வெட்டியதும் எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கிற தட்டில் முன்வரிசையில். புதிதாக வந்தது பின்னால். கதவைத் திறந்ததும் தெரிகிற பொருள்தான் சமையலுக்கு வரும். கொத்தமல்லியை வேரை நறுக்கி, துணியில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் வாடாது. தேங்காய் மூடியின் உள்புறம் லேசாக உப்புத் தடவுங்கள். இன்னும் நல்லது, உடைத்த அன்றே முழுவதையும் துருவி ஃபிரீசரில் போட்டுவிடுவது.

மளிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மிச்சப்படுத்தக்கூடிய தொகை இங்கே கணிசம். நம் பக்கத்தில் மாசி, பங்குனியில் புதுப்புளி வரும், புது மிளகாய் வரும். அந்த நேரத்தில் வாங்கி, வெயிலில் காயவைத்து, ஒரு வருஷத்துக்கு எடுத்து வைப்பது பழைய வழக்கம். கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளில் அப்போது விலையும் தரமும் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் இருக்கிற வாடகை வீட்டுக்கு ஒரு வருஷச் சாமான் என் கணக்கில் அதிகம், வண்டு விழுந்தால் மிச்சம் பார்த்ததெல்லாம் போய்விடும். புளியை மட்டும் வருஷத்துக்கு வாங்கிக் கொட்டை எடுத்து உப்புச் சேர்த்து ஜாடியில் வையுங்கள், அது கெடாது. மிளகாய், மல்லி ஆறு மாதத்துக்கு. பருப்பு மூன்று மாதத்துக்குப் போதும், நன்றாகக் காயவைத்து ஆறியபின் டப்பாவில் போட்டு, நாலைந்து காய்ந்த மிளகாயோ ஒரு துண்டு வசம்போ போட்டு வையுங்கள். பெரிய கடைகளில் பளபளப்புக் கவரில் வருகிற அரைக் கிலோ, கால் கிலோவைத் தவிர்த்து இப்படி வாங்கினாலே காய்ந்த குப்பையில் ஒரு பெரும் பகுதி குறைந்துவிடும். கண்ணாடி டப்பா வாங்க நினைத்தீர்களே, வேண்டாம். உங்கள் அம்மா வீட்டுப் பரணில் எவர்சில்வர் டின்கள் கட்டாயம் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள்.

கேஸ் விஷயம் எளிது. சிலிண்டர் மாட்டுகிற நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள், 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்தால்தான் குறைக்க முடியும். பருப்பையும் பயறையும் ஊறவைத்து வேகவையுங்கள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் சூடு ஒன்றுதான், அதிகத் தீ நீராவியாகத்தான் வீணாகிறது. மூடி போட்டுச் சமையுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கலாம், கழற்றிக் கழுவுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நேரே அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இதில் 500 யூனிட் என்பது ஒரு வேலி. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய். அப்புறம் விகிதம் மாறியிருக்கிறது, உங்கள் பில்லில் இருக்கிற விகிதத்தைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள். வாரம் ஒரு நாள் மீட்டரைப் பார்த்து எழுதினால் வேலிக்கு எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே தெரியும்.

எதில் குறைப்பது? நம் ஊரில் மின்விசிறிதான் அதிக நேரம் ஓடுகிற பொருள். சாதாரண விசிறி சுமார் 75 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. என்கிற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் ஓடும், அதே நேரத்துக்கு 27 யூனிட். புதிதாக வாங்குவதற்கு நான் சம்மதிக்கிற ஒரே பொருள் இதுதான், அதுவும் படுக்கையறைக்கு ஒன்று மட்டும், பழையது கெட்டபிறகு. ஏ.சி. இருந்தால் 26இல் வைத்து விசிறியைச் சேர்த்துப் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் வாரியம் சொல்கிறது. மேல்மாடி வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் பேசி, பங்குனிக்குள் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, ராத்திரி அறைக்குள் இறங்குகிற சூடு நன்றாகவே குறையும். வெயில் ஏறுமுன் மேற்கு, கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி, சாயந்திரம் திறந்துவிடுங்கள். கீசருக்கு மதுரையில் வருஷத்தில் பாதி நாள் வேலையே இல்லை, மாடித் தொட்டித் தண்ணீரே சுடச்சுட வருகிறது.

தண்ணீரில் முதலில் ஒழுகுகிற குழாய். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் போகும், வாஷர் சில ரூபாய்தான். ஆர்.ஓ. கருவி இருந்தால் அதன் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே தள்ளுகிற கருவிகள்தான் அதிகம். அந்த உப்புத் தண்ணீர் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற நல்லது. செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், மண்ணில் உப்புப் படியும். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம், நீங்கள் இருக்கிற வீட்டிலும் குழி இருக்க வேண்டும். மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் மட்டும் சுமார் 79,000 லிட்டர் விழுகிறது. ஐப்பசிக்கு முன்னால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறதா, குழி தூர்ந்திருக்கிறதா என்று பார்த்து உரிமையாளரிடம் சொல்லுங்கள். வைகையை நம்பி இருக்கிற ஊரில் இதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து பிளாஸ்டிக். மஞ்சப்பை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், கல்யாண வீட்டில் கொடுத்ததே போதும். ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றை வண்டி டிக்கியிலும் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது சால்னா. புரோட்டா வாங்கப் போனால் கொதிக்கிற சால்னாவை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் இது நிற்கவில்லை. குப்பையைவிட உடம்புக்குத்தான் இது கேடு. தூக்குவாளி கொண்டுபோங்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், கவர் மிச்சம் என்று ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார். கறிக்கடைக்கும் பாத்திரம். பால் பாக்கெட்டின் முனையைத் தனியாக வெட்டி எறியாமல், துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும்படி வெட்டுங்கள், அந்தச் சின்ன முக்கோணத்தைத்தான் யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. கழுவிக் கவிழ்த்து வைத்தால் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். நம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், தாரோடு கழிவு பிளாஸ்டிக்கைக் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த மாதிரி வழிகளுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பிளாஸ்டிக் சுத்தமாக, காய்ந்து, தனியாக இருக்க வேண்டும். சாம்பார் ஒட்டிய கவரால் ஒரு பயனும் இல்லை.

கம்போஸ்ட்டுக்குக் கிட் வேண்டாம். பழைய பெயின்ட் வாளிகள் இரண்டு போதும். அடியிலும் பக்கத்திலும் ஆணியைச் சுட்டு ஓட்டை போடுங்கள். அடியில் தேங்காய் நார் ஒரு கை உயரத்துக்கு. தினமும் காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, வாடின பூ எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கிப் போட்டு, மேலே அதே அளவு காய்ந்த இலையைத் தூவி மூடுங்கள். மாசி, பங்குனியில் வேப்பமரம் இலை கொட்டும்போது தெருவில் கூட்டி ஒரு சாக்கு நிறைய எடுத்து வைத்தால் பல மாதத்துக்கு வரும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை புளித்த மோர் தெளித்தால் மட்குவது வேகமாகும். வாரம் இருமுறை குச்சியால் கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கொழுத்த வெளிர்நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள், அவை குப்பையைத் தின்று மட்கவைக்கும் ஈயின் புழுக்கள், கடிக்காது. எண்ணெய்ச் சாப்பாடும் எலும்பும் மட்டும் வேண்டாம். வாளி நிழலில் இருக்கட்டும், பால்கனி வெயில் நேரடியாகப் பட்டால் வறண்டு நின்றுவிடும். ஒன்று நிறைந்ததும் அதை மூடி ஓரம் வைத்து இன்னொன்றைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் முதல் வாளி கறுத்துப் பொலபொலவென்று மழை மண்வாசனையோடு இருக்கும். கறிவேப்பிலைத் தொட்டிக்கும், சோழவந்தானிலிருந்து யாராவது வெற்றிலைக்கொடி பதியன் கொடுத்தால் அதற்கும் போடுங்கள்.

துணிமணிக்கு ஒரு வார்த்தை: நம் வெயிலுக்கு நூல் துணிதான், நைந்த வேட்டியும் சேலையும் கரித்துணியாகி, கால்மிதியாகி முடியட்டும். மாதவிடாய்க்குத் துணி நாப்கினோ கப்போ உங்களுக்கு ஒத்துவந்தால் குப்பையும் செலவும் ஒருசேரக் குறையும், ஒத்துவராவிட்டால் அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

விலை மலிவு என்பது மட்டும் சிக்கனம் ஆகாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தை நம் டி.கல்லுப்பட்டியில் கழித்தவர், 1960இல் காலமானார். ஒரு பொருள் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதில் அதை வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. அதனால்தான் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிக்ஸி மோட்டாரின் கம்பிச்சுருள் போனால் புதிது வாங்காமல் பழுது பார்க்கிறவரிடம் கொடுப்பது, பையின் ஜிப்பை மாற்றித் தைப்பது, இந்தக் காசு நம் தெருவிலேயே சுற்றும்.

கடைசியாக உங்கள் கணவர் விஷயம். நீங்களும் வேலைக்குப் போகிறீர்கள். இவ்வளவையும் நீங்கள் ஒருவரே தலையில் ஏற்றிக்கொண்டால் மூன்று மாதத்தில் சலித்து விட்டுவிடுவீர்கள், அது நியாயமும் இல்லை. சுற்றுச்சூழல் பற்றி அவரிடம் வகுப்பு எடுக்க வேண்டாம். 500 யூனிட் கணக்கையும் 305 ரூபாயையும் காட்டுங்கள், வாரா வாரம் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருடையது. சனிக்கிழமை உழவர் சந்தையும், தூக்குவாளியோடு புரோட்டாக் கடையும் அவருடையது. சமையலும் மாவும் இருவரும் மாற்றி மாற்றி. கம்போஸ்ட் வாளியை இரண்டாவது மாதம் தொடங்கினால் போதும், அதற்குள் ஈரக் குப்பையே பாதியாகியிருக்கும், அந்த இரண்டு வாளிகளே உங்கள் இருவருக்கும் தாராளமாகக் காணும்.